மருந்தோடு மருந்து கலந்தால் என்ன ஆகும்?

போன எபிசோடுல இம்யூனோதெரபி பத்தி மேலோட்டமா பேசியிருந்தேன். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. கேள்வி நேரானது. "ஒரு மருந்தே வேலை செய்யுதுன்னா, ரெண்டைச் சேர்த்துக் கொடுத்தா இன்னும் நல்லாத்தானே வேலை செய்யும்? அதுக்கு எதுக்கு வருஷக்கணக்கா சோதனை?"

இதுக்குப் பதில் சொல்ல எங்க ஊர்க்காரங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் தகுதி இருக்குன்னு நினைக்கிறேன். நான் சிவகாசி. எங்க பக்கம் 'மருந்து'ன்னு சொன்னா முதல்ல மெடிக்கல் ஷாப் ஞாபகம் வராது. பட்டாசுக்குள்ள போற ரசாயனக் கலவைக்குத்தான் மருந்துன்னு பேர். மருந்து கலக்குற ரூம், மருந்து செலுத்துற ரூம்னு தனித்தனியா இருக்கும். "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு" என்று தொடங்கும் செய்தியை எங்க மாவட்டத்துல படிக்காத வருஷமே கிடையாது.

பொட்டாசியம் குளோரேட்டைத் தனியா பத்திரமா வெச்சுக்கலாம். கந்தகத்தையும் தனியா வெச்சுக்கலாம். ரெண்டையும் கலந்தா லேசான உராய்வே போதும், வெடிச்சிடும். அதனாலதான் குளோரேட்டும் கந்தகமும் கலந்த பட்டாசுகளை 1992-ல் மத்திய அரசு தடை செய்தது. தீப்பெட்டியை எடுத்துப் பாருங்க. குச்சித் தலையில் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். ரெண்டும் உரசும்போது மட்டும்தான் சந்திக்கணும், அதுவரைக்கும் பிரிச்சு வைக்கணும். கலவை என்பது ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு கிடையாது. சில சமயம் மூணு, சில சமயம் ஒண்ணே ஒண்ணு, சில சமயம் கூரையே இருக்காது.

புற்றுநோய் மருந்துலயும் இந்த மூணுமே நடந்திருக்கு. மூணுக்கும் உதாரணம் ஒரே நோய்ல கிடைக்குது: மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் வர்ற புற்றுநோய். அது உடம்புக்குள்ள பரவிட்டா, 2011-க்கு முன்னாடி டாக்டர்கள் கையில பெருசா ஒண்ணும் கிடையாது. டகார்பசின்னு ஒரு பழைய கீமோ. பாதிப் பேர் ஒரு வருஷத்தைத் தாண்ட மாட்டாங்க.

நம்ம உடம்புல டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு, புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டு கொல்லக்கூடியது. ஆனா அதுக்குப் பிரேக் உண்டு. பிரேக் இல்லாட்டி அது நம்ம சொந்த உடம்பையே தாக்கும். ஒரு பிரேக்குக்குப் பேர் சிடிஎல்ஏ-4. இன்னொண்ணு பிடி-1. டிப்போவில் நிக்கிற பஸ்ஸை யோசிச்சுக்கோங்க. சிடிஎல்ஏ-4 டிப்போவிலேயே போடுற ஹேண்ட் பிரேக், அதாவது டி செல் நிணநீர்க் கணுவில் வேலை கத்துக்கிற இடத்துல பிடிக்கிறது. பிடி-1 ரோட்டுல போடுற கால் பிரேக், கட்டிக்குப் பக்கத்துல போன பிறகு பிடிக்கிறது. புற்றுநோய் செல் தந்திரமா இந்தக் கால் பிரேக்கை மிதிச்சே வெச்சிருக்கும்.

ஜேம்ஸ் அலிசன் அமெரிக்காவுல முதல் பிரேக்கை விடுவிச்சா எலிகளில் கட்டி கரையுதுன்னு காட்டினார். ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-ல் பிடி-1-ஐக் கண்டுபிடிச்சது. ரெண்டு பேருக்கும் 2018-ல் நோபல். முதல் பிரேக்கை விடுவிக்கிற மருந்து இபிலிமுமாப், 2011-ல் அமெரிக்காவில் அனுமதி. ரெண்டாவதுக்கு நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், ரெண்டுமே 2014-ல். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் மெலனோமா மூளைக்குப் பரவியிருந்தது. ஆபரேஷன், ரேடியேஷன், கூடவே பெம்ப்ரோலிசுமாப். 2024 டிசம்பர்ல இறந்தப்போ அவருக்கு வயசு 100.

ரெண்டு பிரேக், ரெண்டு இடம். அப்போ ரெண்டையும் சேர்த்து விட்டா? இந்த யோசனை யாருக்கும் வரும். அதைப் பார்க்கிறதுக்குத்தான் செக்மேட் 067-ன்னு ஒரு சோதனை. அறுவை சிகிச்சையால் நீக்க முடியாத நிலையில், அதுவரை மருந்து எதுவும் எடுக்காத 945 நோயாளிகள். மூணு குழு: ரெண்டு மருந்தும் சேர்த்து, நிவோலுமாப் மட்டும், இபிலிமுமாப் மட்டும். யார் எந்தக் குழுன்னு குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். 'சோதனை'ன்னு சொன்னதும் நம்ம வீடுகளில் வர்ற முதல் பயம், "நம்மள எலியாக்கிடுவாங்க, வெறும் தண்ணியை ஏத்திட்டு அனுப்பிடுவாங்க" என்பதுதான். இந்தச் சோதனையில வெறும் தண்ணி மட்டும் வாங்கினவங்க ஒருத்தர்கூட இல்ல. எல்லாருக்கும் குறைஞ்சது ஒரு உண்மையான மருந்து போச்சு. யாருக்கு எதுன்னு மறைக்கத்தான் டம்மி பாட்டில். மறைக்கிறது ஏன்னா, "இவருக்கு ரெண்டு மருந்து போகுது"ன்னு தெரிஞ்ச டாக்டர் ஸ்கேனைக் கொஞ்சம் நம்பிக்கையோடவே பார்ப்பார். அது மனுஷ இயல்பு.

2015-ல் முதல் முடிவு. நோய் முற்றாமல் நின்ற காலம், நடுமட்டமாகப் பார்த்தால், ரெண்டும் சேர்ந்த குழுவில் 11.5 மாதம், நிவோலுமாப் மட்டும் 6.9, இபிலிமுமாப் மட்டும் 2.9. பத்து வருஷம் கழிச்சு, 2024-ல் கடைசிக் கணக்கு. உயிரோடு இருந்தவர்கள்: சேர்த்து வாங்கினவங்க 43 சதவீதம், நிவோலுமாப் மட்டும் 37, இபிலிமுமாப் மட்டும் 19. ஒரு வருஷமே கேள்விக்குறியா இருந்த நோயில், பத்து வருஷம் கழிச்சு நூத்துக்கு நாப்பத்து மூணு பேர். இதைப் படிச்சப்போ நான் திரும்ப ஒரு தடவை சரிபார்த்தேன்.

ஆனா அடுத்த வரியையும் படிக்கணும். 2015 கணக்குப்படி, கடுமையான பக்கவிளைவு ரெண்டும் வாங்கினவங்களில் 55 சதவீதம் பேருக்கு. நிவோலுமாப் மட்டும் வாங்கினவங்களுக்கு 16. பிரேக் இல்லாத டி செல் குடலைத் தாக்குது, கல்லீரலைத் தாக்குது, தைராய்டைத் தாக்குது, அபூர்வமா இதயத்தையே தாக்குது. மூணுல ஒரு பங்குக்கும் மேல பக்கவிளைவால மருந்தையே நிறுத்தினாங்க. இதுல ஒரு ஆச்சரியம், அப்படி நிறுத்தினவங்களும் தொடர்ந்து வாங்கினவங்களும் பின்னாடி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தாங்க. கிளப்பி விட்ட டி செல் மருந்து நின்ன பிறகும் வேலையை நிறுத்தல.

அப்போ 43-க்கும் 37-க்கும் நடுவுல இருக்கிற அந்த ஆறு, 55-க்கும் 16-க்கும் நடுவுல இருக்கிற வேதனைக்கு ஈடாகுமா? இதுக்கு அந்தச் சோதனை பதில் சொல்லாது. அந்த ரெண்டு குழுவையும் ஒண்ணோட ஒண்ணு மோதவிட்டுத் தீர்ப்பு சொல்ற மாதிரி அது வடிவமைக்கப்படல. ரெண்டையும் இபிலிமுமாப்போடதான் ஒப்பிட்டாங்க. அதனால இன்னைக்கும் டாக்டர்கள் நடுவுல இது வாதம்தான். என் கருத்தைக் கேட்டீங்கன்னா, மூளைக்குப் பரவின இளம் வயசு நோயாளிக்கு ஒரு பதில், எழுபது வயசுல ஏற்கனவே கல்லீரல் பிரச்சினை இருக்கிறவருக்கு வேற பதில். நான் டாக்டர் இல்லங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

பிறகு டோஸை மாத்திப் பார்த்தாங்க. செக்மேட் 511-ல் 360 பேர். இபிலிமுமாப்பைக் கிலோவுக்கு 3 மில்லிகிராமிலிருந்து 1-ஆகக் குறைச்சு, நிவோலுமாப்பை 1-லிருந்து 3-ஆக ஏத்தினாங்க. மருந்தோட சம்பந்தப்பட்ட கடும் பக்கவிளைவு 48 சதவீதத்திலிருந்து 34-க்கு இறங்குச்சு. அதே ரெண்டு மருந்துதான், அளவு மட்டும் வேற. பட்டாசு ஆலை போர்மேன் யாரைக் கேட்டாலும் அளவு மாறினா கலவையே வேறன்னுதான் சொல்வார்.

இது 'மூணு ஆகும்' கதை. இப்போ 'ஒண்ணே ஒண்ணு' கதை.

எபகாடோஸ்டாட்னு ஒரு மாத்திரை. கட்டியைச் சுத்தி டி செல்லை மந்தமாக்குற ஒரு நொதியை அது தடுக்கும். பெம்ப்ரோலிசுமாப்போட சேர்த்து ஆரம்பக் கட்டத்துல கொடுத்தப்போ முடிவுகள் அசத்தலா தெரிஞ்சது. ஆனா அந்தக் கட்டத்துல ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு இல்ல. பெரிய சோதனை வெச்சாங்க, 706 பேர், குலுக்கல் முறை. 2018-ல் முடிவு வந்துச்சு. மாத்திரை சேர்த்தவங்களுக்கு நோய் நின்றது 4.7 மாதம், சேர்க்காதவங்களுக்கு 4.9. வித்தியாசமே இல்ல. வாய்ஸ் நோட்ல கேட்ட கேள்விக்கு இதுதான் என் முதல் பதில். அந்த 706 பேரை வெச்சுப் பார்க்காம இருந்திருந்தா, இன்னைக்கும் உலகம் முழுக்க நோயாளிகள் அந்த மாத்திரைக்குக் காசு கொடுத்துக்கிட்டிருப்பாங்க.

'கூரை இல்லாத' கதை சின்னது. மெலனோமாவுக்கு வெமுராஃபெனிப்னு ஒரு நல்ல மாத்திரை இருக்கு. இபிலிமுமாப்பும் நல்ல மருந்து. ரெண்டையும் சேர்த்து ஒரு சிறு குழுவுக்குக் கொடுத்தாங்க. கல்லீரல் பாதிப்பு வரிசையா வர ஆரம்பிச்சதும் சோதனையையே மூடிட்டாங்க. 2013-ல் அதை வெளிப்படையா எழுதியும் வெச்சாங்க. நாலு பேருக்கு மேல ஒரு ரூம்ல இருக்கக் கூடாதுன்னு பட்டாசு ஆலையில விதி இருக்கே, முதல் கட்டச் சோதனையில ஆளைக் குறைவா வைக்கிறதும் அதே புத்திதான்.

சரி, இதுக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். பட்டாசு வேலையால மெலனோமா வருதுன்னு நான் சொல்லல. நம்ம நாட்டுல மெலனோமாவே அபூர்வம், வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருத்தருக்கும் குறைவு. நம்ம தோல் நிறம் வெயிலால வர்ற மெலனோமாவிலிருந்து பெருமளவு காப்பாத்துது. ஆனா வெயிலோட சம்பந்தமே இல்லாத ஒரு வகை உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில வரும். அக்ரல் மெலனோமான்னு பேர். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்துக்கு அடியில வந்தது இதுதான். 1981-ல், 36 வயசுல இறந்தார். நம்மள மாதிரி நிறமுள்ளவங்களுக்கு மெலனோமா வந்தா, இந்த வகையா இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போ எங்க ஊர் கைகளை யோசிங்க. அலுமினியப் பவுடர் ஏறின கை வெள்ளி மாதிரி மின்னும். கரி மருந்து தொட்ட விரல் எத்தனை சோப்பு போட்டாலும் வெளுக்காது. பிரஸ்ல வேலை பார்க்கிறவங்க நக இடுக்குல இங்க் நிரந்தரமா இருக்கும். இந்த ஊர்ல நகத்துல ஒரு கறுப்புக் கோடு இருந்தா யார் பார்க்கப் போறாங்க? உள்ளங்கால்ல ஒரு கறுப்புத் திட்டு, அதுவும் நாள் முழுக்க மணல் பரப்பின தரையில உக்காந்து வேலை செய்றவங்களுக்கு?

ஒரு எளிய கணக்கு இருக்கு. நகத்துக்கு அடியில ரத்தம் கட்டியிருந்தா, நகம் வளர வளர அந்தக் கறுப்பும் நுனியை நோக்கி நகரும். கை நகம் முழுசா வளர ஆறு மாசம் ஆகும், கால் கட்டைவிரல் நகம் ஒரு வருஷத்துக்கும் மேல. நகராம அங்கயே நிக்கிற கோடு, அகலமாகிட்டே போற கோடு, நகத்தைத் தாண்டித் தோல்லயும் பரவுற கறுப்பு, ஆறாத உள்ளங்கால் புண், இதெல்லாம் தோல் டாக்டர் பார்க்க வேண்டியவை. அதே சமயம் நம்ம ஆட்களில் பலருக்கு நகத்துல சாதாரணமாவே மெல்லிய பழுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். விருதுநகர்லயே 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ஒரு நகத்தைக் காட்ட மதுரை வரைக்கும் போகணும்னு இல்ல.

இந்த அக்ரல் வகையில இன்னொரு சிக்கல். மேல சொன்ன பெரிய சோதனைகளில் இருந்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, வெயிலால வந்த மெலனோமாக்காரங்க. வெயிலால வர்ற கட்டியில மரபணுச் சிதைவு ஏராளம், அதனால டி செல்லுக்கு அதை அடையாளம் காண்றது சுலபம். அக்ரல் கட்டியில சிதைவு குறைவு. ஜப்பானில் இந்த வகை வந்த 193 பேருக்குப் பிடி-1 மருந்து மட்டும் கொடுத்ததைத் தொகுத்துப் பார்த்தாங்க. கட்டி சுருங்கினது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருத்தருக்குத்தான். ஆக, 43 சதவீதம் என்ற எண்ணை எடுத்துட்டு வந்து எங்க ஊர் நோயாளி ஒருத்தர்கிட்ட அப்படியே சொல்ல முடியாது. குட்டி ஜப்பான்னு பேர் வாங்கின ஊர்க்காரங்க இந்த விஷயத்துல நிஜ ஜப்பான் தரவைத்தான் பார்க்கணும்.

எங்க பகுதி மெலனோமாவைவிட அதிகமா கவலைப்பட வேண்டிய தோல் புற்றுநோய் ஒண்ணு உண்டு. தீக்காயத் தழும்புல, ஆறாத பழைய புண்ணுல, பல வருஷம் கழிச்சு, சில சமயம் முப்பது வருஷம் கழிச்சு வர்றது. மார்ஜோலின் புண்ணுன்னு பேர். பெரும்பாலும் இது ஸ்குவாமஸ் வகை. விபத்துல தப்பிச்சவங்க எத்தனை பேர் அந்தத் தழும்போட வாழ்றாங்கன்னு எங்க தெருக்களில் நடந்தாலே தெரியும். ஆறின தழும்பு திரும்ப வெடிச்சுப் புண்ணாகி, மாசக்கணக்கா ஆறலைன்னா மஞ்சள் பத்துப் போட்டுக் காத்திருக்கக் கூடாது, ஒரு துண்டு எடுத்து பயாப்ஸி பார்க்கணும். முத்தின ஸ்குவாமஸ் தோல் புற்றுநோய்க்கும் பிடி-1 மருந்து உண்டு, செமிப்ளிமாப், 2018-ல் அமெரிக்க அனுமதி. ஆனா ஆரம்பத்துல பார்த்துட்டா வெட்டி எடுத்தாலே போதும். லட்ச ரூபாய் ஊசி தேவைப்படாது.

அந்த ஊசிக்கு வருவோம், ஏன்னா மறைஞ்சிருக்கிற பிரச்சினை அதுதான். தினக்கூலிக்காரர் ஒருத்தருக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவை இந்த மருந்து. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ரெண்டு இம்யூனோதெரபி மருந்தை முழு டோஸ்ல கொடுத்தா அந்தத் தொகை எத்தனை மாசம் தாங்கும்?

காசு கிடைச்சாலும் தூரம் இருக்கு. ஊசி மதுரையிலயோ சென்னையிலயோ போட்டுட்டு வீட்டுக்கு வந்துடறாங்க. பத்து நாள் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு வயிற்றுப்போக்கு. வீட்ல என்ன செய்வோம்? ஓஆர்எஸ், காலையில மெடிக்கல்ல ஒரு மாத்திரை, இல்லன்னா பக்கத்துக் கிளினிக்ல ஆன்டிபயாடிக். ஆனா இது கிருமி இல்ல, அவரோட சொந்த டி செல் குடலைத் தின்னுது. இதுக்கு ஸ்டீராய்டு வேணும், சீக்கிரமா வேணும். தாமதிச்சா குடல் ஓட்டையாகலாம். மஞ்சள் காமாலை வந்தா கீழாநெல்லி தேடுற ஊர் நம்மது. அதனால இம்யூனோதெரபி எடுக்கிறவங்க, "நான் இந்த மருந்தில் இருக்கிறேன், இந்த டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று எழுதின அட்டையைப் பர்ஸ்லயே வெச்சிருக்கணும். அட்டை கொடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க. அந்த 55 சதவீதம், எல்லா வசதியும் பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிகளில் வந்த எண். நூறு கிலோமீட்டர் தள்ளி அதோட விளைவு வேற.

இந்த விலைச் சுவரை இந்தியாவுல யாராவது உடைக்கப் பார்த்தாங்களான்னா, பார்த்தாங்க. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி. நோய் மெலனோமா இல்ல, நம்ம நாட்டுல அதைவிடப் பல மடங்கு அதிகமான தலை-கழுத்துப் புற்றுநோய், புகையிலையால வர்றது. அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகள் நம்மள மாதிரி நாடுகளில் 1 முதல் 3 சதவீத நோயாளிகளுக்குத்தான் எட்டுதுன்னு அவங்க கட்டுரையோட முதல் வரியிலயே எழுதினாங்க. அவங்க எடுத்த கலவை: மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்ற மூணு மலிவான மாத்திரை. அதோட நிவோலுமாப், வெறும் 20 மில்லிகிராம், மூணு வாரத்துக்கு ஒரு தடவை. வழக்கமான டோஸ் 240. பன்னிரண்டில் ஒரு பங்கு!

151 பேர், குலுக்கல் முறையில் ரெண்டு குழு. மாத்திரை மட்டும் வாங்கினவங்களில் ஒரு வருஷம் தாண்டினது 16.3 சதவீதம். அந்தத் துளி நிவோலுமாப் சேர்த்து வாங்கினவங்களில் 43.4. கடும் பக்கவிளைவு கூடவும் இல்ல, 50-க்கு 46. 2022-ல் 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி'யில் வந்தது. பிடி-1 பிரேக்கைப் பிடிச்சு நிறுத்த இவ்வளவு மருந்து வேண்டியதே இல்லையோன்னு மத்தவங்களையும் யோசிக்க வெச்ச சோதனை.

ஆனா இதுலயும் கவனம் வேணும். முழு டோஸோட இதை நேரா மோதவிடல, மாத்திரையோடதான் ஒப்பிட்டாங்க. முழு டோஸுக்கு இது சமம்னு சொல்ல முடியாது. ஒண்ணுமே கிடைக்காததைவிட ரொம்ப மேல்னு சொல்லலாம். தலை-கழுத்துல வேலை செஞ்சதுன்னு உள்ளங்கால் மெலனோமாவுக்கு எடுத்துப் போடவும் முடியாது. திரும்பக் கலவை, திரும்ப அளவு, திரும்பச் சோதனை.

நம்ம நாட்டுல எந்த மருந்துச் சோதனையா இருந்தாலும் 2009 ஜூனிலிருந்து சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு பண்ணணும். இணையத்துல யார் வேணும்னாலும் இலவசமாத் தேடலாம். உங்க வீட்ல யாரையாவது சோதனையில சேரச் சொன்னா, அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்க. எதிர்க்குழுவுக்கு என்ன கொடுக்கிறாங்கன்னு கேளுங்க. சம்மதப் படிவம் தமிழ்ல வேணும்னு கேளுங்க, அதோட ஒரு பிரதி உங்க கையில இருக்கணும். பாதியில விலகினா வழக்கமான சிகிச்சை நிக்காது, சோதனையால பாதிப்பு வந்தா இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டுன்னு 2019 விதிகளில் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த நம்பரைக் கூப்பிடணும்னும் கேளுங்க. படிவத்துல அந்த நம்பர் இல்லாட்டி, எழுதித் தந்த பிறகு கையெழுத்துப் போடுங்க.

அடுத்த எபிசோடுக்கு, டாடா மெமோரியல் சோதனையில வந்த அந்த மூணு மாத்திரைக் கதையைத் தனியா எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஒரு வலி மாத்திரை புற்றுநோய் சிகிச்சைக்குள்ள எப்படி வந்துச்சுன்னு. கேள்விகள் இருந்தா அனுப்புங்க.